சாட்சிக்கு ஒரு ஆள்

ஏனுங்க, ஆதார் கார்டு கையில வெச்சிருக்கீங்களா? இருக்குதுங்களா, ரொம்ப நல்லதாப் போச்சு. ஒண்ணுமில்லீங்க, ஒரே ஒரு சாட்சிக் கையெழுத்து. அஞ்சு நிமிச வேலை. டோக்கன் கூப்பிட்டா எங்கூட உள்ள வந்து நிக்கோணும், ஆபீசர் கேட்டா ஆமான்னு தலையை ஆட்டோணும், கையெழுத்துப் போடோணும். முடிஞ்சுது.

யோசிக்கறீங்க. நியாயந்தானுங்க. முன்னப் பின்னத் தெரியாத ஆளுக்கு எப்படிச் சாட்சி போடறதுன்னு யாருக்கும் தோணும். நானா இருந்தாலும் யோசிப்பேன். இல்லீங்க, பொய் சொல்லக் கூடாது, நான் யோசிக்க மாட்டேன். எனக்கு ஆளைப் பாத்தாப் போதும். காகிதத்தைப் பாத்து ஆளை எடை போடறவன் நான் இல்லை.

தெரியாதுன்னா இப்பத் தெரிஞ்சுக்குங்க. எம் பேரு சென்னியப்பன். இதே நாமக்கல்லுல லாரி பாடி கட்டற பட்டறையில முப்பத்திரண்டு வருசம் வெல்டரா இருந்தேன். இப்பக் கண்ணு சரியில்லைன்னு நிறுத்திட்டேன். வீடு பரமத்தி ரோட்டுல. அந்த வீட்டையும் மனையையும் பையன் பேருக்குத் தானமா எழுதி வெக்கத்தான் வந்திருக்கேன். தான செட்டில்மெண்டுன்னு சொல்றாங்க. பத்து செண்டு. நம்ம டோக்கன் நாப்பத்தொண்ணு. இப்ப இருபத்தொம்பதுதான் ஓடுது.

ரெண்டு சாட்சி வேணுமுங்க. ஒருத்தன் பையனோட சிநேகிதன், அவன் அதோ போன்ல பேசிட்டு நிக்கறான். இன்னொரு சாட்சிக்குப் பையனோட மச்சினன் வர்றதா இருந்துது. ராசிபுரத்துல வண்டி நின்னு போச்சாம். வேற ஆளைக் கூட்டிட்டு வர்றேன்னு பையன் பைக்கை எடுத்துட்டு ஓடியிருக்கான். அதுக்குள்ள நான் ஒரு காரியம் பண்ணிட்டேனுங்க. நானும் ஒரு ஆளுக்குப் போன் பண்ணிட்டேன். அவன் வந்துட்டிருக்கான். அவன் வர்றதுக்குள்ள நீங்க சரின்னு சொல்லிட்டீங்கன்னா, ஆள் கெடைச்சுதுடா, நீ வீணா வந்தேன்னு ஒரு டீ வாங்கிக் குடுத்து அவனை அனுப்பிச்சுடுவேன்.

யாரா? சொல்றேன். அதைச் சொல்லோணும்னா மொதல்ல இருந்து சொல்லோணும்.

அர்த்தநாரின்னு ஒருத்தன். எங்க பட்டறையில பெயிண்டர். பெயிண்டர்னா சும்மா கலர் மட்டும் அடிக்கறவன் இல்லீங்க, எழுதறவன். லாரி முகப்புல சாமி பேரு, பின்னாடி ஒலி எழுப்பவும், கதவுல முதலாளி பேரு, ஊரு, எல்லாம் அவன் கைதான். ஸ்கேல் வெக்க மாட்டான். நூல் அடிக்க மாட்டான். கண்ணை ஒரு தடவை சுருக்கிப் பாப்பான், பிரஷ்ஷை வெச்சான்னா நேரா இழுத்துட்டுப் போவான். நான் பத்த வெச்ச இரும்பு மேல அவன் எழுதுவான். இருபது வருசம் ஒரே தூக்குப் போசில சோறு தின்னிருக்கோம். எங்கல்யாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழன் அவன். அவங் கல்யாணத்துக்கு நான். எங்களுக்குள்ள நீ நான்னு கெடையாது.

பதினெட்டு வருசத்துக்கு முன்னாடி பரமத்தி ரோட்டுல இந்த மனை வந்துது. பத்து செண்டு ஒரே துண்டு, பிரிச்சுத் தர மாட்டேன்னுட்டாங்க. தனியா வாங்க எனக்கும் முடியாது, அவனுக்கும் முடியாது. ரெண்டு பேரும் பாதிப் பாதி போட்டு வாங்கிடலாம்னு முடிவு பண்ணுனோம். அவன் பொண்டாட்டி பாவாயி கையில கெடந்த வளையலைக் கழட்டிக் குடுத்துது. அன்னிக்கு நான் கூடத்தான் இருந்தேன். கழட்ட வராம சோப்புப் போட்டுக் கழட்டுச்சு.

பத்திரம் யார் பேருலன்னு வந்துது. ரெண்டு பேரு பேருலயுந்தான் போடறதா இருந்துது. நான் அப்படித்தான் சொன்னேன். என் மேல தப்பு இல்லீங்க. சோசியர்தான் கெடுத்தாரு. அர்த்தநாரி சிம்ம ராசி. அப்பத்தான் ஏழரைச் சனி ஆரம்பம். இந்த ஏழரை முடியறவரைக்கும் உம் பேருல ஒரு பிடி மண்ணு வாங்காதே, ஓரத்துல உம் பேரு இருந்தாக்கூட மண்ணும் போகும், உன்னையும் சேத்துக் கொண்டு போகும்னு சொல்லிட்டாரு. சரி, பாவாயி பேருல போடலாம்னா அதுக்குக் கடகம், அதுக்கும் ஏழரை. பொண்ணு சுகந்தி அப்பச் சின்னப் புள்ளை, நாலாவது படிக்குது.

அப்பத்தான் அவனே சொன்னான். "உம் பேருலயே முழுசா இருக்கட்டும் சென்னி. எனக்குச் சனி விட்டதும் என் பாதியை மாத்திக் குடு."

நான் என்ன சொன்னேன்? "இதைச் சொல்லவும் வேணுமாடா?"ன்னேன். அவ்வளவுதானுங்க எங்க ஒப்பந்தம். ஒரு துண்டுச் சீட்டுக் கெடையாது. இதே ஆபீசு. அன்னிக்கு ஓட்டுக் கட்டடம், அதோ அந்த சைக்கிள் ஸ்டாண்டு இருக்கற எடத்துல இருந்துது. நான் வாங்கறவன், அவன் சாட்சி. பத்திரத்தை எடுத்துப் பாருங்க, முதல் சாட்சி அர்த்தநாரின்னு முத்து முத்தா எழுதியிருப்பான்.

இங்கதான் வக்கீல் ஒரு போடு போட்டாருங்க. பையன் போன மாசம் ஒரு வக்கீல்கிட்டக் கூட்டிட்டுப் போனான். அவரு பத்திரத்தைப் புரட்டிட்டு, "அவருக்கு இதுல பாதி பங்கு இருந்தா, சும்மா சாட்சிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போவாரா? அவரே ஒத்துக்கிட்ட மாதிரிதானே?"ன்னாரு. எனக்கு இத்தனை வருசமா அது தோணவே இல்லை. சட்டம் படிச்சவங்க படிச்சவங்கதான்.

எங்க விட்டேன்? ஆங், பத்திரம் போட்டதுல. பத்திரம் முடிஞ்ச வாரமே ரெண்டு பேரும் ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை போயி ஹாலோபிளாக் கல்லு வெச்சு ரெண்டு பக்கமும் காம்பவுண்டு கட்டுனோம். நீ வெல்டரு, நாளைக்குத் தனியாப் பட்டறை போட்டா ரோட்டோரம் வேணும், முன் பாதி உனக்கு, பின் பாதி எனக்குன்னு அவனே பிரிச்சான். பிரிச்சுட்டு, லாரிக்கு அடிக்கற மஞ்ச எனாமலை எடுத்து ரெண்டு சொவத்துலயும் நேர் எதிரா நாலு வெரக்கடை அகலத்துக்கு ஒரு கோடு இழுத்தான். கோட்டுக்கு இந்தப் பக்கம் "செ", அந்தப் பக்கம் "அ". நெழல் விழற மாதிரி லாரி எழுத்து. ரோட்டுல போறவங்க நின்னு பாத்துட்டுப் போவாங்க.

அப்புறம் நான் முன்னாடி வீடு கட்டுனேன். தண்ணி பாக்கறவரு தேங்காயைக் கையில வெச்சுட்டு நடந்தாரு, அது பின் பாதியில போயித்தான் நிமிந்து நின்னுது. அதுக்கு நான் என்ன பண்றது? போர் அங்க போட்டோம். அர்த்தநாரியைக் கேட்டுத்தான் போட்டேன். "தண்ணி எல்லாத்துக்குந்தானே, போடு"ன்னான். பொறவு பையன் கௌதம் டிப்ளமோ முடிச்சுட்டு லேத்து போடோணும்னான். முன்னாடி வீடு வந்துட்டுது, எடம் பத்தலை. பின்னாடி தகர ஷெட்டுப் போட்டோம். தற்காலிகமாத்தானுங்க. நட்டு போல்ட்டுலதான் நிக்குது, ரெண்டு நாள்ல பிரிச்சுடலாம். பதினோரு வருசமா நிக்குது.

கோடு என்னாச்சுன்னு கேக்கறீங்களா? பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவன் கோட்டு மேலயும் சேத்து அடிச்சுட்டான். நானா அடிக்கச் சொன்னேன்? ஆனா ஒண்ணுங்க, எனாமல் மேல சுண்ணாம்பு நிக்காது. மழை பேஞ்சா உரிஞ்சு விழுந்துரும். வருசா வருசம் ஐப்பசி வந்தா மஞ்சக் கோடு பளிச்சுன்னு வெளிய வந்துரும். வருசா வருசம் தைக்கு வெள்ளையடிப்போம். போன மாசம் கௌதம் ஆளை விட்டுக் கொத்தி எடுத்துட்டான். எனக்கு மனசு கேக்கலை. சாப்பிடாமப் படுத்துட்டேன் அன்னிக்கு. வேணும்னா எம் பொண்டாட்டி வளர்மதியைக் கேட்டுப் பாருங்க.

சனி எப்பவோ விட்டுருச்சுங்க. விட்ட வருசமே அர்த்தநாரி வந்து கேட்டான். நான் இல்லைன்னு சொல்லலை. அதைக் குறிச்சு வெச்சுக்குங்க. இன்னிக்கு வரைக்கும் அவன் பாதி அவனுக்கு இல்லைன்னு என் வாயால நான் சொன்னதில்லை. ஆனா அவன் வந்து கேட்டது ஆடி மாசம். ஆடியில எவனாவது பத்திரம் பதிவானா? ஆவணி வரட்டும்டான்னேன். ஆவணியில அவனுக்கு வேலை ஜாஸ்தி, வரலை. மறுபடி வந்தான், மார்கழி. அப்புறம் ஒரு தடவை வந்தப்ப வளர்மதி கர்ப்பப்பை ஆபரேசன் ஆகிப் படுத்திருக்கா. இன்னொரு தடவை, கௌதமுக்குப் பொண்ணு பாத்துட்டிருக்கோம், சொத்து விவரம் பொண்ணு வீட்டுக்குச் சொல்லியாச்சு, இப்பப் போயிப் பாதியைப் பிரிச்சா என்ன நெனைப்பாங்க? அதையும் சொன்னேன். "சரி, கல்யாணம் முடியட்டும்"னுட்டான். பந்தல் கம்பத்துக்கெல்லாம் அவன்தான் நின்னு பெயிண்ட் அடிச்சான்.

அவன் கேட்ட நேரமெல்லாம் தப்பான நேரமுங்க. அதுதான் எங்களுக்குள்ள பிரச்சினையே. வேற ஒண்ணுமில்லை.

சரி, இப்பச் சொல்றேன் கேளுங்க, அவன் எனக்குப் பண்ணுன காரியத்தை. மூணு வருசம் முன்னாடி. அவன் பொண்ணு சுகந்திக்கு வரன் வந்திருந்துது. மாப்பிள்ளை வீட்டுல சொந்தமா எடம் ஏதாச்சும் இருக்குதான்னு கேட்டிருக்காங்க. இவன் இருக்குதுன்னு சொல்லிட்டான். பத்திரத்தைக் காட்டுங்கன்னாங்களாம். ஒரு நாள் மத்தியானம், நானும் வளர்மதியும் சாப்பிட உக்காந்திருக்கோம், வந்தான். வந்தவன் சாப்பிட உக்காந்தான். பாதிச் சாப்பாட்டுல சட்டைப் பாக்கெட்டுல இருந்து எடுத்து வெச்சான் பாருங்க, ஒரு இருபது ரூபாப் பத்திரம். அவன் கையாலயே எழுதியிருக்கான். இன்ன மனையில பின் பாதி அர்த்தநாரிக்குப் பாத்தியப்பட்டது, சனி தோசத்துக்காக எம் பேருல வெச்சிருக்குதுன்னு ரெண்டே வரி. கீழ எங்கையெழுத்துக்குக் கோடு போட்டிருந்தான். அழகா.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? சோத்துல கை வெச்சபடியே இருந்தேன். முப்பது வருசப் பழக்கம், அதுக்கு இருபது ரூபாக் காகிதமா? நான் கேட்டேன். "டேய் அர்த்தநாரி, என்னை நம்பலையா?"

அவன், "உன்னை நம்பறேன்டா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க காகிதத்தைத்தானே நம்புவாங்க"ன்னான். அது ஒரு பேச்சா? எனக்கு அழுகையே வந்துருச்சுங்க. நிசமாவே அழுதேன். வளர்மதியும் அழுதா. "அண்ணா, இவரைப் பாத்தா இப்படிக் கேட்டீங்க?"ன்னா. அவன் அந்தக் காகிதத்தை எடுத்து நாலா மடிச்சு மறுபடி பாக்கெட்டுல வெச்சுக்கிட்டான். எலையில இருந்த சோத்தை முழுசாத் தின்னான். அவன் சோத்தை வீணாக்க மாட்டான். கையைக் கழுவிட்டுப் போயிட்டான்.

அந்த வரன் தட்டிப் போச்சு. அது என்னாலயா? ஜாதகம் பொருந்தலையோ என்னமோ. சுகந்தி இப்ப ஒரு ஜவுளிக்கடையில நிக்குது.

அதுக்கப்புறம் அவன் வர்றதே இல்லை. டீக்கடையில பாத்தா, எந்திரிச்சுப் போயிடுவான். நான் நெனைச்சுக்குவேன், ஒரு வார்த்தை வந்து நேருல கேட்டா நான் குடுக்காமயா இருப்பேன்? வந்து கேக்கத்தானே வேணும்? போன வருசம் பாவாயி மட்டும் வந்துது. வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க போல. கவர்மெண்டுல வீடு கட்டக் குடுக்கறாங்களாம், அதுக்கு அவங்க பேருல பட்டா வேணுமாம். "அண்ணா, எங்களுக்கு அந்த அஞ்சு செண்டு போதும், ஒரு ரூம்பு கட்டிட்டு ஒதுங்கிக்குவோம்"னு அழுவுது. எனக்குக் கோவம் வந்துருச்சு. ஆம்பளை வராம பொம்பளையை அனுப்பறதா? அர்த்தநாரியை வரச் சொல்லும்மான்னேன். அவன் வரலை. ரோசக்காரன். பாவாயி கை மொட்டையாத்தான் இருந்துது, ஒரு ரப்பர் வளையல்.

என்னுங்க அப்படிப் பாக்கறீங்க?

இப்ப எதுக்குப் பையன் பேருக்கு எழுதறேன்னு கேப்பீங்க. கௌதம் புதுசா ஒரு மிஷின் வாங்கறான், பேங்குல லோன் கேட்டிருக்கான், எடம் அவன் பேருல இருந்தாத்தான் ஆகும். வக்கீலும் நீங்க நல்லா இருக்கறப்பவே மாத்திடுங்க, பின்னாடி எவனும் வந்து நிக்க முடியாதுன்னாரு. நான் பையனைக் கூப்பிட்டு உக்கார வெச்சுச் சொல்லிட்டேன். கண்ணு, முழுசா உம் பேருல எழுதறேன், ஆனா அர்த்தநாரி மாமாவுக்கு அந்தப் பாதியை நீதான் விட்டுக் குடுக்கோணும்னு. "எழுத்து ஏதாவது இருக்குதாப்பா?"ன்னான். இல்லைடான்னேன். "சரி, பாத்துக்கலாம்பா"ன்னான். அந்த வார்த்தை எனக்குப் போதும். பெத்த பையன்கிட்ட எழுதியா வாங்க முடியும்?

இதுல எந்தத் தொந்தரவும் இல்லீங்க. நல்லாத்தான் வந்தோம் காத்தால. அதோ பாருங்க, எதிர்ல குடை போட்டு உக்காந்திருக்காரே, அவருதான் பத்திர எழுத்தர். எல்லாம் டைப் பண்ணி வெச்சிருந்தாரு. கடைசியாப் படிச்சுக் காட்டிட்டு என்னைப் பாத்து, "பெரியவரே, உங்க ஆயுசுக்கும் உங்க சம்சாரம் ஆயுசுக்கும் அந்த வீட்டுல குடியிருக்கற உரிமை உங்களுக்கு உண்டுன்னு ஒரு வரி சேத்துக்கலாமா? வழக்கமாச் சேப்போம்"னாரு. கௌதம் என் தோள்ல கையைப் போட்டுக்கிட்டுச் சிரிச்சான்.

"என்னப்பா, என்னை நம்பலையா?"

சிரிச்சுட்டுத்தாங்க கேட்டான். தப்பா ஒண்ணுமில்லை. நல்ல பையன். வேண்டாம், போடாதீங்கன்னு எழுத்தர்கிட்டச் சொல்லிட்டேன். சொல்லிட்டு இங்க வந்து உக்காந்தேன். எனக்கு அந்தக் கேள்வி முன்னாடி எங்கயோ கேட்ட மாதிரியே இருக்குதுங்க. அதே மாதிரி. அதே வார்த்தை. அதுக்குப் பதில் சொல்லவே முடியாதுங்க, கவனிச்சீங்களா? நம்பறேன்னு சொன்னா வாயை மூடிக்கோணும். நம்பலைன்னா உறவு போச்சு.

அந்த நேரத்துலதான் மச்சினன் வரலைன்னு போன் வந்துது. பையன் ஆள் தேடி ஓடுனான். எனக்குச் சாட்சின்னா ஒரே ஆளுதாங்க. பட்டறையில பி.எஃப். பேப்பரா, வீட்டு லோனா, வண்டி மாத்தறதா, எங் கல்யாணப் பதிவா, எந்தக் காகிதத்தை எடுத்தாலும் அதுல ஒருத்தன் கையெழுத்துத்தான் இருக்கும். கை பழக்கத்துல போனை எடுத்துது. நம்பரு மனப்பாடம். அடிச்சுட்டேன்.

ஆமாங்க. அவனுக்குத்தான். அர்த்தநாரிக்குத்தான்.

மூணு வருசம் கழிச்சு. "டேய், ரிஜிஸ்டர் ஆபீசுல இருக்கேன், சாட்சிக்கு ஒரு ஆள் வேணும்"னேன். நான் என்ன பேசறேன்னு எனக்கே தெரியலை. "வர்றேன்"னான். என்ன பத்திரம், எதுக்கு, ஒண்ணும் கேக்கலை. நானும் சொல்லலை. போனை வெச்சதுக்கப்புறந்தான் என்ன பண்ணிட்டேன்னு உறைச்சுது.

அதனாலதானுங்க உங்களைக் கேக்கறேன். நீங்க போட்டுட்டீங்கன்னா அவன் போட வேண்டியதில்லை. பதினெட்டு வருசத்துக்கு முன்னாடி ஒரு தடவை போட்டுட்டான், அது போதாதா? மறுபடியும் அவன் கையாலயே... என்னுங்க, ஆதார் கார்டை உள்ள வெக்கறீங்க? சரி. சரி, பரவாயில்லை. உங்களை நான் குத்தம் சொல்ல மாட்டேன்.

முப்பத்தெட்டு ஓடுது. பையனையும் காணோம்.

அடடா.

வந்துட்டானுங்க. அந்த மொபெட்டுல வர்றான் பாருங்க, கட்டம் போட்ட சட்டை. தலை பூரா வெளுத்துப் போச்சே. காதோரத்துல பாருங்க, நீலப் பெயிண்டு. வேலையைப் பாதியில விட்டுட்டு வந்திருக்கான்.

வாடா அர்த்தநாரி. வா, உக்காரு. இவரு... இவரு வில்லங்கச் சான்று வாங்க வந்திருக்காரு, பேசிட்டிருந்தோம். சாப்பிட்டியா? பாவாயி நல்லாருக்குதா? சுகந்தி?

பாருங்க, ஆதார் ஜெராக்ஸ் ரெண்டு எடுத்துட்டு வந்திருக்கான். பேனாவும் அவனோடதே. எங்க போடோணும்னு கேக்கறானுங்க. முதல் சாட்சியா, ரெண்டாவதான்னு கேக்கறான்.

இருடா, அவசரமில்லை, நம்ம நம்பரு இன்னும் வரலை. டீ குடிக்கறியா? அந்தப் பத்திரத்தை எதுக்குடா எடுக்கறே? படிக்க வேண்டாம்டா, வழக்கமா எழுதறதுதான். ஏன்டா, என்னை நம்ப...

சரி. படி. படிச்சுக்க.

படிக்கறானுங்க. எழுத்துக்காரன் இல்லையா, ஒரு வரி விட மாட்டான். சொத்து விவரத்துக்கு வந்துட்டான். நாலு பக்கத்து எல்லையும் போட்டிருக்குது அதுல. பத்து செண்டும். இதுல வேற யாருக்கும் எந்தப் பாத்தியமும் இல்லைன்னு கீழ ஒரு வரி வரும். அங்கதான் அவன் வெரல் நிக்குது. நான் அந்தப் பக்கம் பாக்கலை. நீங்களே பாத்துச் சொல்லுங்க, மூஞ்சி எப்படி இருக்குது?

என்னடா? என்ன தேடறே? மறுபடி எதுக்கு மொதல் பக்கத்துக்குப் போறே?

என்னது?

ஏனுங்க, நீங்க கேட்டீங்களா அவன் கேட்டதை? நீ எங்கடா இருப்பேன்னு கேக்கறான். உனக்குன்னு இதுல ஒரு வரியும் இல்லையேடா, நீயும் வளர்மதியும் எங்கடா இருப்பீங்கன்னு கேக்கறான்.

பையன் இருக்கான்டா. அவன் என்ன என்னை வெளியவா தள்ளிடுவான்? சொல்லியிருக்கேன்டா. வாய் வார்த்தை போதும்டா எனக்கு.

சிரிக்கறானுங்க. கோவமாச் சிரிச்சாக்கூடத் தாங்கிக்குவேன். எலையில உக்காந்து அந்தக் காகிதத்தை மடிச்சானே, அன்னிக்கு இருந்த அதே மூஞ்சி. வாய் வார்த்தையெல்லாம் வேண்டாம் சென்னி, உன் ஆயுசு வரைக்கும் அந்த வீட்டுல இருக்கறதுக்கு ஒரு வரி எழுதி வாங்கிக்கடான்னு சொல்றான். அந்த வரியைப் போட்டாத்தான் சாட்சி போடுவேன், இல்லாட்டிப் போட மாட்டேன்னு சொல்றான். பேனாவை மூடிப் பாக்கெட்டுல வெச்சுட்டான்.

அவன் பாதியைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலீங்க. ஒரே ஒரு வார்த்தை கேக்கலை. பத்து செண்டையும் படிச்சுட்டு, எனக்கு எடம் இருக்குதான்னு தேடியிருக்கான்.

நாப்பத்தொண்ணு. நம்ம நம்பருங்க அது. பையன் ஆளைக் கூட்டிட்டு வந்துட்டான் போல, வாசல் கேட்டுல இருந்து கையைக் காட்டறான். வர்றேன்டா, இரு. இருடா.

எழுத்தர் எதிர்லதான் உக்காந்திருக்காரு. பத்தடி தூரங்கூட இல்லை. ஒரு வரின்னு இவன் சொல்றான். ரெண்டு வரி எழுதோணுமுங்க. எனக்கு ஒண்ணு, இவனுக்கு ஒண்ணு. போயி அவருகிட்டச் சொன்னா ரெண்டு நிமிசத்துல அடிச்சுக் குடுத்துடுவாரு. சொல்லத்தான் வேணும். பையன் கூப்பிடறான், எந்திரிச்சுப் போயிச் சொல்லத்தான் வேணும்.

வாய் வரமாட்டேங்குதுங்க.

ஏனுங்க, கையெழுத்து வேண்டாம் உங்ககிட்ட. எழுத்தர்கிட்டப் போயி நீங்க ஒரு வார்த்தை சொல்றீங்களா?